பதினோரு முட்டையும் ஒரு அடைக்கோழியும்

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் முட்டை தின்பதில்லை. எங்கள் தெருவிலும் முக்கால்வாசிப் பேர் தின்பதில்லை. இது கோழிக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வரும், உட்காரும், ஒன்றைப் போடும், போட்டுவிட்டு உலகத்திலேயே தான் ஒருத்திதான் முட்டை போட்டவள் என்பது மாதிரி ஊரைக் கூட்டும். எங்களிடம் ஆறு கோழிகள். ஆவணி வரைக்கும் நீயா நானா என்று வாங்கிக்கொண்டுபோன ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், புரட்டாசி பிறந்ததும் நெற்றியில் நாமத்தோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "யக்கா, கண்ணுலயே காட்டாத. அப்டியே போய்க்கினே இரு." அடுப்படியில் கிண்ணம், செம்பு, காலியான ரவை டப்பா, எதைத் திறந்தாலும் முட்டை.

மந்தைவெளியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒன்றரை கிரவுண்டு காலிமனை இருக்கிறது. மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். யாரும் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்வதற்காக, மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறையில் எங்களைக் குடிவைத்திருக்கிறார். அவருக்கு அது மனை. எங்களுக்கு அது நிலம். அரைக்கீரை நாலு பாத்தி, கத்தரி ஒரு வரிசை, முருங்கை ஒன்று, சுவரில் ஏறிப் படர்ந்த பாகல், அப்புறம் இந்த ஆறு மகாராணிகள். பக்கத்துத் தெருவில் அப்பளம் வாங்கப் போனாலும் "நிலத்துல வேல கெடக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைப்பானேன்.

விவசாயம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. நான் பிறந்தது ஆற்றோரக் குடிசையில். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது என் தொழில். என் வீட்டுக்காரர் கோடம்பாக்கத்தில் லைட்மேன். மேலே பலகையில் நின்று விளக்குப் பிடிப்பவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்தப் பலகையிலிருந்து கீழே விழுந்தார்.

இடுப்பில் கம்பி வைத்து அனுப்பினார்கள். நடக்கச் சொன்னார் டாக்டர். இவர் நடக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், அவ்வளவுதான். எப்படி விழுந்தீர்கள் என்று யார் கேட்டாலும் பதில் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். முகம் கொடுக்கவில்லை. நான் ஒருநாள் கேட்டதற்குப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கட்டிக்கொடுத்த இரண்டு பெண்களும் போனில் அழுதார்கள். எனக்கு அழக்கூட நேரமில்லை, தைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை எழுப்பியது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. முட்டை விற்கலாம் என்று நான் வாங்கிவந்த கோழிகளில் ஒன்று, கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத அவலட்சணம், ஒருநாள் உள்ளே வந்து அவர் தலையணையில் ஏறி அசிங்கம் பண்ணிவிட்டது. மனிதர் எழுந்தாரே பார்க்கவேண்டும்! துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு, "உன்ன கொளம்பு வக்காம உடமாட்டேன்" என்று மனை முழுக்கத் துரத்தினார். துரத்திக் களைத்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். அடுத்த மாதம் முதல் பாத்தியில் கீரை முளைத்தது. துடைப்பத்தால் அடிக்கப்போன அந்தக் கோழிக்கு இப்போது அவர் கையால் ஊட்டினால்தான் இறங்கும்.

அப்படிப்பட்டவர்தான் அந்தப் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாமே இது, முட்ட கடையா வூடா? அத்தனையும் அடைக்கு வச்சிரலாம்" என்றார். அந்த மொட்டைக்கழுத்துக் கோழியும் பத்து நாளாக வேப்பஞ்சருகில் குந்திக்கொண்டு, கிட்டப் போனால் உர்ரென்று சிலிர்த்துக்கொண்டிருந்தது. பழைய பழக்கூடையில் வைக்கோல் போட்டு, நல்ல முட்டையாகப் பதினொன்று பொறுக்கி வைத்தார். கற்பூரம்கூட ஏற்றினார். இருபத்தோரு நாள் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கணக்கு ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த கோழி சாஸ்திரம்.

அன்றிலிருந்து அவர் பேசினார் பாருங்கள், ஒன்றரை வருடத்துப் பேச்சும் சேர்த்து! ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தே போய் ஆளுக்கு இரண்டு குஞ்சு என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி இருக்கிறார். முட்டை என்ற சொல்லை வாயால் சொன்னாலே ஸ்நானம் பண்ணுகிற ஆசாரம். அவரையும் விடவில்லை.

"ஏண்டிம்மா, உங்காத்துக்காரர் என்னமோ சொல்றாரே, எப்போ பொறக்கறதாம்?" என்று மாமி என்னைக் கேட்டார்.

"ஐப்பசில மாமி. தீவாளிக்கு முன்னால."

மறுநாளே மாமி வீட்டுத் தினசரிக் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாகிவிட்டது. காலையில் தாளைக் கிழித்ததும் சுவரோரம் வந்து, "இன்னிக்கு ஆறாம் நாள், கேட்டேளா" என்று அறிவிப்பார். நாங்கள் எண்ணவே தேவையில்லை.

ஐப்பசி பிறந்தது, மழையும் பிறந்தது. முதல் மழைக்கு நாங்கள் இரண்டு பேரும் மனையில் நின்று நனைந்தோம். இந்த வயதில் ஆட்டமென்ன ஆட்டம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும் என்றிருந்தது. இரண்டாம் மழைக்கு இரண்டு கீரைப்பாத்தி கரைந்து தெருவோடு போயிற்று. மூன்றாம் மழைக்கு நத்தைப் படை வந்து கத்தரிச்செடியை மொட்டையடித்தது. முருங்கை ஒரு பெரிய கிளையை முறித்து மாமி வீட்டுத் துணிக்கொடியில் போட்டது. ஆனால் பாகல் மட்டும் பைத்தியம் பிடித்தாற்போலக் காய்த்தது! சுவர் தாண்டி மாமி பக்கம் தொங்கிய காயையெல்லாம் மாமி பிட்லை பண்ணி எங்களுக்கே கொடுத்தனுப்பினார். மண்புழு நெளிய நெளிய மற்ற ஐந்து கோழிகளும் தின்று கொழுத்து, நடக்க முடியாமல் நடந்தன. காலையில் எது போச்சு, எது வந்தது என்று பார்க்கக் கதவைத் திறக்கும்போதே எனக்குச் சிரிப்பு வரும். நஷ்டத்திலும் அப்படியொரு குஷி.

பன்னிரண்டாம் நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். கோழிகளை நான் வாங்கியது அங்கே நாட்டுக்கோழி விற்கிற அக்காவிடம்தான். புரட்டாசி முடிந்து கடை திறந்திருந்தாள். பெருமை தாங்காமல் அவளிடமும் சொன்னேன்.

"பதினொண்ணா வச்சிக்கிற? சோக்கு. சேவல் எப்ப வாங்குன?"

"சேவலா? எங்களுக்கு எதுக்குக்கா சேவல்?"

கத்தியைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலங்காத்தால கூவுனா பக்கத்து வூட்டு மாமி தூங்க முடியாது, சேவலே வேணாம்னு உன் வூட்டுக்காரரு படுத்துக்கினே சொன்னாருன்னு சொல்லித்தானே ஆறும் பொட்டையா வாங்கினு போன?"

"ஆமா."

"அப்பால சேவல் இல்லாத முட்டையில குஞ்சு எங்கேந்துமா வரும்? ஆகாசத்துலேந்தா? அத்தனையும் கூமுட்ட. எடுத்துப் பொதச்சிடு."

நான் அங்கேயே ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். சுற்றியிருந்த மீன்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் அவர் ஞாபகம் வந்தது. கூடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கோழிக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பாரே, அந்த மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் வாக்குக் கொடுத்திருக்கிறார். தலைகுனிந்து உள்ளே போய்த் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? இரண்டாம் முறை எழுப்ப எந்தக் கோழியாலும் முடியாது என்று பயந்தேன்.

"ஒரு வழி கீது," என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டு. "பொறந்து ஒர்நா ரெண்டு நாளான குஞ்சா வாங்கி, கும்மிருட்டுல அது அடியில தள்ளிடு. வெளிச்சம் இருந்திச்சுன்னா கொத்திப்புடும். இருட்டுல வச்சா தன்னுதுன்னு நெனச்சுக்கும்."

அடுத்த ஏழு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொறந்து ஒருநாள் ஆன குஞ்சு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. தீபாவளி அவசரத்தில் கடைக்காரர் கட்டுக்கட்டாகப் புடவை அனுப்பினார். தைத்த ஃபால்ஸையே தலைகீழாகத் தைத்தேன். வீட்டில் இவரோ, "இன்னாமே மூஞ்சி இப்டி கீது? ஒனக்குப் பேரப்புள்ள பொறக்கப் போவுது, சிரி" என்பார். மாமி காலையில் வந்து பதினைந்து, பதினாறு என்பார். நான் பாகற்காய் பறிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு ஓடிவிடுவேன்.

இருபதாம் நாள் புடவைகளைக் கொடுக்கத் தி.நகர் போனேன். கால் வைக்க இடமில்லாத கூட்டம். ரங்கநாதன் தெரு முனையில் கால்களுக்கு நடுவிலிருந்து கீச்சுக்கீச்சென்று சத்தம். குனிந்து பார்த்தால் ஒரு மூங்கில் கூடை, மேலே கொசுவலை. உள்ளே அத்தனையும் ஒருநாள் இரண்டுநாள் குஞ்சுகள்! கடவுளே என்று நெஞ்சில் கை வைத்தேன். அப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியாகப் பார்த்தேன். ரோஸ் கலர். பச்சை. ஊதா. குழந்தைகளுக்கு விளையாட்டுக்கு விற்கிற சாயக்குஞ்சு.

"சாயம் போவுமா?" என்று கேட்டேன்.

"கேரண்டி கலரு, போவவே போவாது" என்றான் விற்கிறவன், நான் அதற்காகத்தான் கேட்கிறேன் என்று நினைத்து.

வேறு வழி? பத்து வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுத் துணிப்பையில் வைத்து, மேலே கடைக்காரர் மறுபடி தைக்கக் கொடுத்த புடவைகளைப் போட்டு மூடினேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. பையோ பஜனை பாடுகிறது. கண்டக்டர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"பையில இன்னாமா?"

"பொடவங்க."

"பொடவ கத்துது?"

"புதுப் பொடவ," என்றேன். என் வாயில் எப்படி வந்ததோ! பஸ்ஸே சிரித்தது. ஒரு காலேஜ் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். மந்தைவெளி வரைக்கும் சிரித்துக்கொண்டும் பையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டும் வந்தேன்.

இறங்கும்போது வானம் உடைந்து கொட்டியது. மனையில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். கரண்ட் இல்லை. பட்டப்பகல் மூன்று மணிக்கு வீடு மங்கிக் கிடந்தது. இவர் நொண்டிக்காலோடு தண்ணீரில் இறங்கி, கோழியைக் கூடையோடு தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். வாசலில் மாமி குடையோடு நின்றுகொண்டிருந்தார். பத்து வருடப் பழக்கத்தில் எங்கள் வாசல்வரை மாமி வந்தது அன்றுதான் முதல் தடவை.

"கோழி நனைஞ்சுதோன்னு கவலையா இருந்தது, பாத்துட்டுப் போலாம்னு" என்றார் மாமி.

நான் பையை மெதுவாக மூலையில் வைத்தேன். வைத்ததும் கீச்சென்றது.

இவர் அப்படியே நின்றார். விரலை உதட்டில் வைத்தார். மறுபடியும் கீச்.

"கத்துதுமே! முட்டைக்குள்ள கத்துது! மாமி, கேட்டுதா?"

"கேட்டுதே! நன்னாக் கேட்டுதே! ஒரு நா முன்னாலயே வந்துடுத்தே!" மாமி குடையைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

அவர் தரையில் உட்கார்ந்து, கோழியின் அடியில் கை விட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "உள்ள தவிக்கிது, பாவம். ஒரு தட்டு தட்டி உட்டா வெளிய வந்துடும்" என்று கரண்டியால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

டப்பென்று வெடித்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. மாமி புடவைத் தலைப்பை மூக்கில் திணித்துக்கொண்டு "ராம ராமா" என்று மழைக்குள் பாய்ந்தார், நாற்றம் தாங்காமல் போனவர் மழை தாங்காமல் திரும்பி வந்தார். அந்த நேரம் பார்த்து, புடவை மடிப்பை விலக்கிக்கொண்டு பைக்குள்ளிருந்து ஒரு பச்சை நிறத் தலை எட்டிப் பார்த்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை.

"யோவ், சேவல் இல்லாம முட்டையில குஞ்சு வராதாம்யா," என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "பன்னண்டாம் நாளே தெரியும். ஒங்கிட்ட சொல்ல எனக்கு மனசு வரல."

கையில் ஒழுகிக்கொண்டிருந்த முட்டையோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பச்சைக் குஞ்சைப் பார்த்தார்.

"சேவல் வேணாம்னு சொன்னது யாரு?"

"நீதான்."

"நான்தான்," என்றார். ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார். "ஏமே, ரெண்டு புள்ள பெத்துக்கீறோமே நாம. நம்ம ரெண்டு பேருக்குமா இது தெரியல?"

மாமிதான் முதலில் சிரித்தார். "சிவசிவா" என்று காதைப் பொத்திக்கொண்டே சிரித்தார். அப்புறம் யார் யாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம் என்று நினைவில்லை. இவர் தரையில் மல்லாந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுமே, சிரிக்க வெக்காத" என்று கத்தினார். திக்கித் திணறி நான் விஷயத்தை முழுக்கச் சொன்னேன், பஸ்ஸையும் சேர்த்து. அதற்கு இன்னொரு பாட்டம் சிரிப்பு.

கோழி மட்டும் சிரிக்கவில்லை. மிச்சம் பத்து முட்டையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்களை முறைத்தது. இருபது நாளாக ஒருவேளைத் தீனிதான், எலும்பும் தோலுமாகி இருந்தது. "அத்த ஏமாத்தக் கூடாது" என்று அவர் எழுந்தார். இருட்டு வேண்டும் என்றதும், விளக்குப் பிடித்த மனிதர் இருட்டுப் போடுவதில் இறங்கினார். ஜன்னலுக்குப் போர்வை, கதவிடுக்குக்கு என் புடவை, கூரை ஓட்டைக்குச் சாக்கு. "அங்க லீக் ஆவுது பாரு, மாமி, கொஞ்சம் நவுந்து நில்லுங்க, ஆங், அப்டியே." மாமி இடுக்கை மறைத்து ஆடாமல் நின்றார்.

கண்ணே தெரியாத இருட்டில் நான் ஒவ்வொரு குஞ்சாக எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு கையால் முட்டையை எடுத்து, மறுகையால் குஞ்சைத் தள்ளினார். ஒவ்வொரு தடவையும் கோழி உர்ரென்றது. பத்தும் போனது. கொஞ்ச நேரம் கீச்சுச் சத்தம், அப்புறம் அதுவும் அடங்கியது. பிறகு அந்தக் கோழி தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தது. கொக் கொக்கென்று, அதற்கு முன்னால் அது கொடுத்தேயிராத ஒரு தணிந்த சத்தம். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போர்வையை விலக்கியபோது இறக்கைக்கு நடுவில் ஒரு ரோஸ் தலை, வாலுக்குக் கீழே ஒரு ஊதாத் தலை. மொட்டைக்கழுத்துக்காரி எந்தக் குறையும் இல்லாமல் ஒவ்வொன்றாக அலகால் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மழை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். ஸ்டாண்டுக்கு என்றார். பின்னாலேயே போனேன். ஆட்டோக்காரர்கள் குஞ்சு வந்ததா நைனா என்று சூழ்ந்துகொண்டார்கள். இவர் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. சேவல் இல்லாததிலிருந்து வெடித்த முட்டைவரை, கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினார். அவர்கள் சிரித்துச் சிரித்து ஆட்டோவைத் தட்டினார்கள். "என்ன மாதிரி கூமுட்ட இந்த மெட்ராஸ்ல எவனும் கிடையாதுடா" என்று இவரும் கூடச் சிரித்தார்.

சிரிப்பு கொஞ்சம் ஓய்ந்தது. யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

"அன்னிக்கும் அப்டித்தான்டா. மேல ஏறுனா இடுப்புல கட்டிக்கிற பெல்ட்டு கையிலயே கீது. ரெண்டு நிமிச ஷாட்டு, எதுக்குப் போட்டுக்கினு கழட்டிக்கினுன்னு ஆணியில மாட்டிட்டு ஏறிட்டேன். யாரும் தள்ளல, பலகையும் ஒடையல. என் தப்புதான்."

ஒன்றரை வருடம். என்னிடம், பெண்களிடம், ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்களிடம், ஒருவரிடமும் வராத சொல். ஒருத்தர் "அட வுடு நைனா, நான் பிரேக்கு புடிக்காத ஆட்டோவ ஓட்டிக்கினு கீறேன்" என்றார். இன்னொருத்தர் டீ சொன்னார். இவர் ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே, விழுந்த கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் பெட்டிக்கடை ஓரமாக நின்று அவர்களோடு சேர்ந்து முதல்முறையாக அதைக் கேட்டேன்.